தேற்றரவாளனுக்கு என்ன சைகை?

ஞாயிறு காலை ஆராதனையில் போதகர் பேசப் பேச, மேடைக்குக் கீழே நின்று அதையே கைகளால் பேசிக்கொண்டிருந்தாள் மச்சக்காரி. முன்வரிசைகளில் காது கேளாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போதகரின் வாயை அவர்கள் எப்போதாவதுதான் பார்ப்பார்கள். பிரசங்கம் அவர்களுக்கு இவள் விரல்களிலிருந்துதான் வரும்.

மச்சக்காரி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. காது கேளாதவர்கள் ஆளுக்கு ஆள் ஓர் அடையாளம் பார்த்து அதையே பெயராக வைத்துவிடுவார்கள். அவளுக்கு மோவாயில் ஒரு மச்சம். ஆள்காட்டி விரலால் மோவாயைத் தொட்டுக் காட்டினால் அவள். காது கேட்கிறவர்களும் அதை வாய்ச்சொல்லாக்கி அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "பேர்ல மட்டும்தான் எனக்கு அதிர்ஷ்டம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று சிரிக்கிற மனநிலையில் அவள் இல்லை. வேதத்தில், இயேசு தன் சீடர்களை விட்டுப் போகப்போகிற நேரத்தில், உங்களுக்கு ஒருவர் வருவார் என்று சொல்லுகிற பகுதியைப் போதகர் எடுத்திருந்தார். வரப்போகிறவரின் பெயர் தேற்றரவாளன். அந்தச் சொல்லுக்கு மச்சக்காரியிடம் ஒரு சைகை உண்டு. எதிரே இருப்பவரின் கன்னத்தில் வழிகிற கண்ணீரை விரல்நுனியால் துடைப்பதுபோல் ஒரு வீச்சு. அவளுடைய அம்மா உண்டாக்கிய சைகை அது. அம்மாவுக்கும் காது கேட்காது. மச்சக்காரி அந்தச் சைகையைக் காட்டியபோது முன்வரிசையில் சிலர் கண் கலங்கினார்கள். எப்போதும் கலங்குகிறவர்கள்தான்.

அப்போது போதகர் கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இந்தச் சொல்லுக்கு மூலத்துல இன்னொரு அர்த்தமும் இருக்கு. ஒருத்தன் கோர்ட்ல தனியா நிக்கிறான். அவனுக்குப் பேச்சு வரல. அவன் கூப்பிட்டதும் ஒருத்தர் எழுந்து வந்து அவன் பக்கத்துல நிக்கிறார். அவனுக்காகப் பேசறார். அவருக்குத்தான் இந்தப் பேர். நாம கண்ணீரைத் துடைக்கிறதோட நிறுத்திக்கிட்டோம்."

மச்சக்காரியின் கைகள் நின்றுவிட்டன. முன்வரிசையின் ஓரத்தில், அவளைப் போலவே அடையாளத்தால் பெயர் பெற்ற ரெட்டைச்சடை உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தொட்டில்போல் தொங்கியது. மச்சக்காரி அவளைப் பார்த்தாள். பிறகு அந்த வரிகளை அப்படியே விழுங்கிவிட்டு, போதகர் அடுத்துச் சொன்னதிலிருந்து தொடர்ந்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வாக்கியத்தைக்கூட விட்டதில்லை. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் கெட்ட வார்த்தையாகவே கை மாற்றிக் கொடுப்பவள்.

ஆராதனை முடிந்ததும் ரெட்டைச்சடை அவளிடம் வந்தாள். இடக்கையால் மட்டும் கேட்டாள்.

"நடுவுல ஏன் நிறுத்தின?"

"பாஸ்டர் இருமினார்."

ரெட்டைச்சடை அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தருகிற பெரிய சலவைக்கூடம் ஒன்றில் ரெட்டைச்சடை வேலை பார்த்தாள். சூடான இரண்டு உருளைகள் ஒன்றையொன்று ஒட்டிச் சுழலும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் மடிப்பில்லாமல் அந்தப் பக்கம் வரும். ரோலர் என்பார்கள். ஒருநாள் விரிப்போடு சேர்ந்து அவள் கையும் உள்ளே போய்விட்டது. மற்றவர்களுக்கு அது கை. அவளுக்கு அது பாதி வாய்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. தொழிலாளர் துறையிலிருந்து அதிகாரி வருகிறார். அவள் சொல்வதை வாய்ச்சொல்லாக்க மச்சக்காரியை அழைத்திருந்தார்கள். அவள் ஒத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்த ரோலரில் கை போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பைக் கழற்றியது அங்கே மெக்கானிக்காக இருக்கிற மச்சக்காரியின் சொந்தத் தம்பி என்று.

*

போதகரின் அறை ஆலயத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கனத்த சரீரம். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அது தாங்குமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"பாஸ்டர், அந்தச் சொல்லுக்கு நிஜமாவே என்ன அர்த்தம்?"

"உக்காரும்மா. எந்தச் சொல்?"

"தேற்றரவாளன்."

அவர் முகம் மலர்ந்தது. பிரசங்கம் முடிந்த பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்க யாராவது வருவது அவருக்கு அபூர்வம்.

"கிரேக்கத்துல பாராக்ளேட்டோஸ். ரெண்டு துண்டு. ஒண்ணு பக்கத்துல. இன்னொண்ணு கூப்பிடப்பட்டவர். பக்கத்துல வரச்சொல்லிக் கூப்பிட்ட ஆள். அவ்வளவுதான் சொல். வந்தவர் என்ன பண்ணுவார்ங்கறதுலதான் சண்டை. ஆறுதல் சொல்வார்னு ஒரு கட்சி. வழக்குல துணை நிப்பார்னு ஒரு கட்சி. நான் படிச்ச இடத்துல ரெண்டு வாத்தியாருங்க இதுக்காகவே ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கிறதில்ல."

"நீங்க எந்தக் கட்சி?"

"ஆளைப் பொறுத்துன்னு நினைக்கிறேன். துக்க வீட்ல கூப்பிட்டா கண்ணைத் துடைக்கணும். கோர்ட்ல கூப்பிட்டா பேசணும். எப்படியா இருந்தாலும் வரணும்ல? தூர இருந்து கைக்குட்டையை அனுப்பி வச்சா அதுக்குப் பேர் வேற."

மச்சக்காரி தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"நான் மொழிபெயர்க்கிறவ பாஸ்டர். எந்தப் பக்கமும் சாயக்கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பக்கத்துல போய் நின்னா அது சாயறதுதானே?"

"பக்கத்துல நிக்கிறதும் பக்கம் சாயறதும் ஒண்ணா?" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே யோசித்தார். "எனக்குத் தெரியலம்மா. சில சமயம் ஒண்ணுதானோ என்னவோ."

எதிர்ப்பக்கம் நிற்கிறவன் தன் தம்பியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கத்தான் அவள் வந்தாள். கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

*

திங்கள் மாலை தம்பி வீட்டுக்கு வந்தான். வேலை உடுப்பை மாற்றக்கூட இல்லை. அடுப்பங்கரையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான்.

"நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம்க்கா. சுருக்கமா சொல்லு. அது போதும்."

"சுருக்கமான்னா?"

"அவ வளவளன்னு கையை ஆட்டுவா. அதுல எல்லாத்தையும் சொல்லணும்னு இல்லையே. அங்க யாருக்குப் புரியப்போகுது?"

கத்தி நின்றது. "யார் கழட்டச் சொன்னது?"

"மேனேஜர்தான். தடுப்புல துணி சிக்குது, வேலை தாமதமாகுது, கழட்டிப் போடுன்னார். போட்டேன். மாட்டேன்னா அன்னிக்கே என்னையும் கழட்டிப் போட்டிருப்பார்."

"அதை நீயே சொல்லேன்."

"ரெண்டு குழந்தைங்கக்கா எனக்கு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். இவனையே இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சின்ன வயதில் டாக்டர் சொல்வதையும், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்வதையும் அம்மா அப்பாவுக்குக் கையால் சொல்லுவாள். அப்போதெல்லாம் இவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு காதைத் திருகிக்கொண்டிருப்பான். காதைத் திருகுவதுதான் இன்றும் சைகையில் இவன் பெயர்.

தரை அதிர்ந்தது. அம்மா காலால் ஓங்கி மிதித்திருந்தாள். இருவரும் திரும்பினார்கள்.

"என்ன பேச்சு?" என்று கையால் கேட்டாள் அம்மா.

"ஒண்ணுமில்ல, வேலை விஷயம்" என்று தம்பியின் கை சொன்னது.

"இந்த வீட்டுல கையில்லாமப் பேசறது திருட்டு. ரெண்டு பேரும் இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க."

மச்சக்காரி எல்லாவற்றையும் கையால் சொன்னாள். ரெட்டைச்சடையை அம்மாவுக்கும் தெரியும். அம்மா பார்த்து முடித்து, மடித்த துணியைத் தட்டி ஓரமாக வைத்தாள். அவள் தன்னைப்போல் காது கேளாத பெண்ணுக்காகத்தான் பேசுவாள் என்று மகள் நம்பியிருந்தாள்.

"தம்பி வயித்துல அடிக்காதே" என்றாள் அம்மா.

"அம்மா, அவளுக்குக் கை போயிடுச்சு."

"போன கை திரும்பி வருமா? அவளுக்காக நான் அழறேன். நீயும் அழு. இவன் வேலை போனா யார் அழுவா?"

மச்சக்காரி பதில் சொல்லக் கையைத் தூக்கினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காது கேளாதவர்கள் கோபத்தில் செய்வது அது. அதற்கு மேல் தட்டுவதற்குக் கதவு கிடையாது.

*

சலவைக்கூடத்தின் மாடியில் விசாரணை அறை. வெளியே நடையில் நீராவி வாடையும் சோப்பு வாடையும் கலந்து அடித்தன. ரெட்டைச்சடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெயருக்கேற்ற இரட்டைச் சடையை யாரோ பின்னிவிட்டிருந்தார்கள். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்ந்தும் இருந்தது.

மச்சக்காரி அவள் முன் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை பாஸ்டர் இருமல. நான் ஒரு விஷயத்தை முழுங்கிட்டேன்."

"தெரியும். அவ்வளவு நேரம் இருமினா அவர் செத்துப் போயிருப்பார்."

இந்த நேரத்திலும் மச்சக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, விட்டதை முழுக்கச் சொன்னாள். தனியாக நிற்பவன், பேச்சு வராதவன், கூப்பிட்டால் பக்கத்தில் வந்து நிற்கிற ஒருவர். கோர்ட்டுக்கு ஒரு சைகை இருந்தது. நிற்பதற்கு இருந்தது. மொத்தத்துக்கும் ஒரே சைகையாக ஒன்றும் இல்லை.

"அதை ஏன் முழுங்கின?"

மச்சக்காரி தன் காதைத் திருகிக் காட்டினாள். தம்பி.

ரெட்டைச்சடை எழுந்து உள்ளே போனாள். கோபமா, புரிந்துகொண்டாளா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அறையில் ஒரு நீண்ட மேசை. அதன் ஒரு முனையில் தொழிலாளர் துறை அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும், அடுத்து எங்கோ போகவேண்டிய அவசரத்தில் இருக்கிற அம்மாள். ஒரு பக்கம் மேலாளர். எதிர்ப்பக்கம் ரெட்டைச்சடை. சுவரோரம் சாட்சிகளுக்கான நாற்காலியில் தம்பி. பேசுகிறவர் அருகில் உட்கார்ந்தால்தான் காது கேளாதவருக்குப் பேசுகிற முகமும் சைகையும் சேர்ந்து தெரியும். அதனால் மச்சக்காரியின் நாற்காலி மேலாளர் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. முறைப்படி அது சரியான இடம்தான்.

மேலாளர் குரலை உயர்த்தாத மனிதர். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கேட்டார்.

"ரோலர்ல எப்படி வேலை செய்யணும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க இல்லையாம்மா?"

மச்சக்காரி கையால் சொன்னாள். ரெட்டைச்சடை தலையாட்டினாள்.

"ஆபத்துன்னா சைரன் அடிக்கும்னு உனக்குத் தெரியும்."

கையால் சொன்னாள். தலையாட்டினாள்.

"அன்னிக்கு ஏதோ நினைப்புல துணியோட கையையும் விட்டுட்டே. நடக்கறதுதான். அப்படித்தானே?"

ரெட்டைச்சடை அதற்கும் தலையாட்டினாள்.

"ஆமாங்கறாங்க மேடம். எழுதிக்கலாம்."

அதிகாரியின் பேனா தாளில் இறங்கியது. சைகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காது கேளாதவர்கள் தலையாட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். கதை கேட்கிறவர் ம் கொட்டுகிற மாதிரி. அறையில் காது கேட்கிறவர்களில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் சுவரோரம் இருந்தவனும். அவள் நிமிர்ந்தாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை தன்னையறியாமல் காதுக்குப் போயிருந்தது.

அவள் பொய் சொல்ல வேண்டாம். எதையும் மறைக்கவும் வேண்டாம். சும்மா இருந்தால் போதும். பேனா வரியின் பாதிக்கு வந்துவிட்டது.

"மேடம், எழுதாதீங்க."

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அந்தத் தலையாட்டலுக்கு ஆமான்னு அர்த்தமில்ல. நீங்க சொல்றது புரியுது, மேல சொல்லுங்கன்னு அர்த்தம். நாம ம் கொட்டுற மாதிரி."

மேலாளர் அவள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "அம்மா, உங்களைக் கூப்பிட்டது மொழிபெயர்க்க."

"அதைத்தான் சார் செய்யறேன். தலையாட்டலும் மொழிதான்."

"அவங்களுக்காக நீங்க பேசாதீங்க."

"நிறுத்துங்க" என்றார் அதிகாரி. எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். "என்ன நடந்துச்சுன்னு அவங்களே முதல்லேருந்து சொல்லட்டும்."

ரெட்டைச்சடை ஆரம்பித்தாள். ஈரத் துணி, பாரம், உருளை. அங்கேயே சிக்கிக்கொண்டது. இரண்டு உருளைகள் ஒன்றையொன்று எதிர்த்துச் சுழல்வதைக் காட்ட இரண்டு கை வேண்டும். அவளிடம் ஒன்றுதான் இருந்தது. இடக்கை மட்டும் காற்றில் சுழன்றது. பார்ப்பவர்களுக்கு அது சக்கரமாக இருக்கலாம், மாவாட்டுவதாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவள் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. உதட்டுக்கு மேல் வியர்வை அரும்பியிருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் அதிகாரி.

"இன்னும் சொல்லி முடிக்கல மேடம்."

"எனக்கு இன்னொரு இடத்துக்குப் போகணும்."

அப்போது ரெட்டைச்சடை மச்சக்காரியைப் பார்த்து உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கினாள். அதைப் புரிந்துகொள்ள யாரும் சைகைமொழி படிக்க வேண்டியதில்லை.

வா.

மச்சக்காரி எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். அதன் கால் ஒன்று மேலாளரின் காலில் இடித்தது. அவர் ஏதோ சொன்னார், அவள் காதில் விழவில்லை. ரெட்டைச்சடையின் வலப்பக்கம், கட்டுப்போட்ட கைக்கு அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் வலது கையை அவள் முன் நீட்டினாள்.

ரெட்டைச்சடை அந்தக் கையை வாங்கினாள். முதலில் விரல்களை மடக்கிப் படுக்க வைத்தாள். கீழ் உருளை. அதன்மேல் தன் இடக்கையை வைத்துச் சுழற்றினாள். மேல் உருளை. பிறகு மச்சக்காரியின் உள்ளங்கையை விறைப்பாக நிமிர்த்தி நிறுத்தினாள். தடுப்பு. தன் கையைத் துணிபோல் விட்டுப் பார்த்தாள், தடுப்பில் முட்டி நின்றது. பின்பு மச்சக்காரியின் கையை மணிக்கட்டோடு பிடித்து அந்த இடத்திலிருந்து எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

மச்சக்காரி குரல் கொடுப்பதற்கு முன்பே அதிகாரி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கம்பித் தடுப்பு இருந்துச்சு. அதைக் கழட்டி எடுத்துட்டாங்க" என்றாள் மச்சக்காரி. ரெட்டைச்சடை இடக்கையால் காதைப் பொத்திக் காட்டி, விரல்களை விளக்குபோல் விரித்து மூடினாள். "சைரன் எனக்குக் கேக்காது. விளக்கு வைங்கன்னு கேட்டேன். வைக்கல. நான்னு சொல்றது அவங்கதான் மேடம், அவங்க பேச்சை அப்படியே சொல்றேன்."

"யார் கழட்டினது?"

ரெட்டைச்சடையின் இடக்கை மேலே எழுந்தது. காதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அவள் திரும்பி மச்சக்காரியைப் பார்த்தாள்.

இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அந்தக் கண்களில் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்கிறேன். கை போனவள் தனக்குச் சலுகை தருகிறாள் என்று உணர்ந்தபோது மச்சக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

சொல் என்று அவள் தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ரெட்டைச்சடை காதைத் திருகினாள். அடுத்து மேலாளரைச் சுட்டினாள், பக்கத்தில் நின்று கையை நீட்டி உத்தரவு போடுவதைக் காட்டினாள்.

"மெக்கானிக் கழட்டினார். மேனேஜர் பக்கத்துல நின்னு கழட்டச் சொன்னார். நான் பார்த்தேன்."

"எந்த மெக்கானிக்?"

"அங்க உக்காந்திருக்கிறவர்." மச்சக்காரி சுவரோரம் கை காட்டினாள். "என் தம்பி."

கீழே ரோலர்கள் ஓடுகிற அதிர்வு மட்டும் தரை வழியாக வந்துகொண்டிருந்தது.

அதிகாரி சுவரோரம் திரும்பினார். "நீங்க கழட்டினீங்களா?"

"ஆமா மேடம்."

"யார் சொல்லி?"

தம்பி மேலாளரைப் பார்த்தான். மேலாளர் அவனைப் பார்க்காமல், எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைகிறதா என்றே தெரியாதபடி சொன்னார். "யோசிச்சுப் பேசுப்பா."

மச்சக்காரிக்குக் கேட்டது. அறையில் பேசப்படுகிற எதுவும் காது கேளாதவருக்குப் போய்ச் சேர வேண்டும். அது அவள் தொழில். இரண்டு கைகளையும் தூக்கி, நெற்றியைத் தொட்டு, வாயைத் தொட்டு, விரலை எச்சரிக்கையாக ஆட்டி, எல்லோரும் பார்க்கும்படி பெரிதாகச் சொன்னாள்.

"இப்ப என்ன சொன்னீங்க சார்?" என்றார் அதிகாரி.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அவங்க எதை மொழிபெயர்த்தாங்க?"

மேலாளரின் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் ஆளில்லாத வீட்டில் எரிகிற விளக்கு மாதிரி ஆகிவிட்டது. தம்பி எழுந்து நின்றான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான். அதில் பாசம் ஒரு துளி இல்லை.

"இவர் சொல்லித்தான் மேடம்" என்றான்.

*

அன்று மத்தியானமே ரோலரை நிறுத்திச் சீல் வைத்தார்கள். தடுப்பும், பளிச்சென்று எரிந்து அணைகிற விளக்கும் வைத்த பிறகுதான் திறக்க விட்டார்கள். மேலாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ரெட்டைச்சடையின் வைத்தியச் செலவை நிறுவனம் ஏற்றது, பிறகு மடிப்புப் பிரிவில் வேலையும் கொடுத்தது. கட்டுப் பிரித்த பிறகும் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் நிமிரவில்லை. பேசும்போது சில சைகைகள் சரிந்து விழும். "உனக்கு நாக்கு கொன்னுது" என்று சிநேகிதிகள் கேலி செய்வார்கள். அவளும் விடாமல் திருப்பிக் கொடுப்பாள்.

தம்பிக்கு வேலை போயிற்று. ஆட்குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். குறைந்த ஆள் அவன் ஒருவன்தான்.

ஆலயத்தில் காது கேளாதவர்களின் கூட்டத்தில், அந்தச் சொல்லுக்கு இனி எந்தச் சைகை என்று பெரிய தகராறு நடந்தது. ஒரு விரலின் பக்கத்தில் இன்னொரு விரலைக் கொண்டுவந்து நிறுத்துவதே சரி என்றார்கள் சிலர். மனைவியை இழந்த தச்சர் ஒருவர் மட்டும் முடியாது என்றுவிட்டார். கண்ணீரைத் துடைக்கிற சைகையை என்னிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டாம், எனக்கு அவர் அப்படித்தான் வந்தார் என்றார். போதகரைக் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இடம் பார்த்து மச்சக்காரி ஏதாவது ஒன்றைக் காட்டுவாள். தவறான இடத்தில் காட்டினால் முன்வரிசையிலிருந்து உடனே திருத்தம் வரும்.

அம்மா அவளோடு பேசத் தொடங்க வெகுநாள் ஆயிற்று. சமைத்து வைப்பாள், சாப்பிட்டாளா என்று பாத்திரத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். தம்பி வீட்டுப் பக்கமே வரவில்லை. அவன் மனைவிதான் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்ததை அவள்தான் சொன்னாள்.

மழை பெய்த ஒரு பிற்பகலில் அவனே வந்தான். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, புது வேலையைப் பற்றிக் கையால் நிறையச் சொன்னான். அங்கே எல்லோரும் கம்பளிச் சட்டையில் கரடிகள்போல் நடப்பதை எழுந்து நடந்தே காட்டினான். அம்மா குலுங்கிச் சிரித்தாள். மச்சக்காரி தேநீர் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

அம்மா எழுந்து உள்ளே போனதும் வாயால் கேட்டான்.

"அவ மெக்கானிக்னுதானே சொன்னா? என் தம்பின்னு அவ சொல்லலையே. அதை ஏன் சேர்த்தே?"

"அது அவ பேச்சில்லடா. என்னோடது."

"நீதான் உன்னோடதுன்னு ஒரு வார்த்தையும் சேர்க்க மாட்டியே."

"அன்னிக்குச் சேர்த்தேன்."

"ஏன்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த அறையில் அவனும்தான் தனியாக உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் சமாதானம் செய்கிற மாதிரி இருக்கும்.

"நீ என் தம்பிங்கறதை மறைச்சுட்டு உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரல" என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கோபம் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. மழை விட்டிருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்றான். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா என்றாள் அவள். சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.